பழைய பியர் கேனா? முதலில் மூடியைப் பாருங்கள்

பழைய பியர் கேன் சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரே ஒரு ஆலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் வீடும் கொள்ளாது, காசும் கட்டாது. நான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருப்பதால் எனக்கு அயர்ன் சிட்டி. 1861-இல் பிறந்த இந்த ஊர் பியர். எந்தப் பழைய சாமான் சந்தைக்குப் போனாலும் அதில் ஏதாவது ஒன்று கிடைக்கும்.

கேனைக் கையில் எடுத்ததும் படத்தைப் பார்த்து மயங்காமல் மூடியைப் பாருங்கள். வயதை அதுதான் சொல்லும். அமெரிக்காவில் கேன் பியர் 1935 ஜனவரியில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் விற்பனைக்கு வந்தது. அப்போதைய மூடி வெறும் தட்டை. கூர்முனைத் திறப்பானால் குத்தித்தான் குடிக்க வேண்டும், முக்கோண ஓட்டை விழும். பிய்த்து எறியும் மூடி 1962-இல் வந்தது. அதை முதலில் போட்டு விற்றதே அயர்ன் சிட்டிதான்! அந்தக் கேன் எனக்குத் தனிச் செல்லம். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருங்கள். அந்தக் கேனின் உடம்பில் ஒட்டும், மூடியில் ஒட்டாது; உடம்பு இரும்பு, மூடி அலுமினியம். திறந்த பிறகும் கேனிலேயே தங்கும் மூடி 1975-இல்தான் வந்தது.

அப்புறம் பொடி எழுத்து. 'இன்டர்னல் ரெவென்யூ டாக்ஸ் பெய்டு' (உள்நாட்டு வரி கட்டியாயிற்று) என்ற வாசகம் இருந்தால் அது 1950 மார்ச்சுக்கு முந்தைய கேன். துருப்பிடித்திருந்தாலும் விடாதீர்கள். மாறாக, எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸைப் போட்ட எழுபதுகளின் கேன்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன; பெரிய விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

துருவுக்கு ஆக்சாலிக் அமிலம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சமாகக் கரைத்து, கேனை முழுக்க அமிழ்த்துங்கள். அது விஷம், கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாமல் அடிக்கடி எடுத்துப் பாருங்கள். பழுப்பு கரைந்து எழுத்து தெளிகிற நேரத்தில் எடுத்துவிட வேண்டும், பேராசைப்பட்டு விட்டுவைத்தால் வண்ணமும் போய்விடும். நன்றாக அலசி, உடனே துடைத்துக் காயவையுங்கள்.

விளம்பரப் பொருளில் கோஸ்டர், அதாவது குவளைக்கு அடியில் வைக்கும் அட்டை, மலிவு; அதிலிருந்து தொடங்கலாம். தகரப் பலகையில்தான் போலி அதிகம். ஐம்பதுகளின் பலகை என்று விற்பவர் சொன்னால் அதில் உள்ள முகவரியைப் படியுங்கள்: ஐந்து இலக்க ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) 1963-இல்தான் வந்தது. ஆணி ஓட்டையைச் சுற்றித் தேய்மானமே இல்லாமல் நடுவில் மட்டும் கீறல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பியரோடு கிடைக்கும் கேனை அப்படியே அலமாரியில் வைக்காதீர்கள். நாளடைவில் உள்ளிருந்து அரித்து ஒழுகி, பக்கத்துக் கேன்களையும் கெடுக்கும். அடியில் இரண்டு சின்ன ஓட்டை போட்டு வடித்துவிட்டு, வெந்நீரில் கழுவி, கவிழ்க்காமல் ஓட்டை கீழே இருக்கும்படி நிறுத்திக் காயவையுங்கள். மூடி முழுசாக இருக்கும்.