முகூர்த்தத்துக்கு முந்தின மாதம் மூக்கைத் தொடாதீர்கள்

எங்கள் ஆச்சிக்குப் பாம்படம் தோளைத் தொடும். அவளுடைய தங்கச்சி ஒருநாள் பாம்படத்தை அழித்துச் சங்கிலி செய்துகொண்டாள். தொங்கிய காதையும் தைத்து, சின்னதாக ஒரு கம்மல் போட்டுக்கொண்டாள். "ஏட்டி, காதை அறுத்துட்டு வந்து நிக்கியே" என்று ஆச்சி ஒரு வாரம் பேசவில்லையாம். முகத்தில் கத்தி வைத்துத் திருத்திக்கொள்வது திருநெல்வேலிச் சீமைக்குப் பழைய சங்கதிதான். இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது அவசரம்.

தை மாதம் முகூர்த்தம் என்று முடிவானதும் கார்த்திகையில் மூக்கைச் சரிசெய்யக் கிளம்புகிறார்கள். ரெண்டு மாசம் இருக்கே, போதாதா என்று ஒரு கணக்கு. அறுவைசிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், அது சரி. அதன் பிறகு மூக்கின் மேல் ஒரு கட்டு சுமார் ஒரு வாரம் இருக்கும். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போன நீலம், பச்சையாகி மஞ்சளாகி மறைய இரண்டு வாரம் ஆகும். அதைப்பு மூன்றாம் நாள் வரை ஏறிவிட்டுத்தான் இறங்கத் தொடங்கும். பெரும்பகுதி சில வாரங்களில் வற்றினாலும், மூக்கு நுனியில் மிச்சம் நிற்பது முழுதாக வடிய ஒரு வருஷம் பிடிக்கும். தோல் தடிப்பான மூக்கு என்றால் அதற்கும் மேலே போகலாம். கல்யாண ஆல்பத்தில் வந்து உட்காருவது அந்த அரைகுறை மூக்குதான். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் சில வாரம் அதை மூக்கின்மேல் அமர்த்தவும் முடியாது.

ஆகவே முகூர்த்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூக்குக்கு ஒரு வருஷம். கண்ணிமைக்குத் தையல் ஐந்திலிருந்து ஏழு நாளில் பிரித்துவிடுவார்கள் என்றாலும், கூச்சமில்லாமல் நாலு பேர் முன் நிற்க இரண்டு வாரமாவது வேண்டும், தழும்பு மங்க மாதங்கள். முகச் சுருக்கத்துக்குத் தோலை இழுத்துத் தைப்பதானால் வெளியே தலைகாட்டவே இரண்டு மூன்று வாரம், காதோரத்து மரமரப்பு போகச் சில மாதம். பெரிய ஜிமிக்கி இழுத்துக் கிழிந்த காதைத் தைப்பதுதான் இருப்பதில் சின்ன வேலை. மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் மறுபடி காது குத்த ஏறக்குறைய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பழைய தையல் கோட்டின் மேலேயே குத்தவும் கூடாது. அப்புறம் அதே ஜிமிக்கியை மாட்டினால் அதே இடத்துக்குத்தான் திரும்பி வருவீர்கள்.

யாரிடம் செய்வது என்பதில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா, மெடிக்கல் கவுன்சிலில் பதிவு உண்டா, மயக்க மருந்து கொடுக்கத் தனி மருத்துவர் இருக்கிறாரா என்று பாருங்கள். பியூட்டி பார்லர் மாடியறை ஆபரேஷன் தியேட்டர் ஆகாது. அழகுக்காக மட்டும் செய்வதற்கு இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. விபத்திலோ தீக்காயத்திலோ சிதைந்ததைச் சரிசெய்வது வேறு கணக்கு.

அவசரத்தைவிட அதிகம் கெடுப்பது, மருத்துவரிடம் மறைப்பது. முக்கூடல், ஆலங்குளம் பக்கமெல்லாம் பீடி சுற்றுகிற ஊர்கள். ஆனால் "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்டால், பக்கத்தில் மாமனார் இருக்கிறார் என்பதற்காக "சேச்சே" என்று சொல்லிவிடுகிறோம். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். இழுத்துத் தைத்த தோல் மெல்லிய குழாய்களை நம்பித்தான் பிழைத்திருக்கிறது. அவையும் சுருங்கினால் காதோரத்துத் தோல் கறுத்துச் செத்தே போகலாம். முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் கட்டாயம் நிறுத்த வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதில் சேர்த்திதான். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டுமருந்துக் கடை லேகியம் எதையும் விடாமல் சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்துவதும் ஆபத்து, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். காது குத்திய இடத்தில் எப்போதாவது கட்டிபோல் தழும்பு வளர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கத்தி பட்ட இடத்திலும் அது வளரக்கூடும். பிறகு, முழு மயக்கம் என்றால் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. பால் காப்பி அந்தக் கணக்கில் சாப்பாடுதான், "ஒரு வாய்தானே" என்று விடியற்காலையில் குடித்துவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடத்துக்குத் தயாராகிவிடுவார்கள். அன்பில் குறையில்லை, ஆனால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியது குளிர் ஒத்தடம். அதுவும் மருத்துவர் சொன்ன இடத்தில், துணி சுற்றி. அறுத்த பக்கத்துத் தோலுக்கு உணர்வு இருக்காது. சூடு பொத்துப் போனாலும் தெரியாது, ஐஸை நேராக வைத்துப் பழுத்தாலும் தெரியாது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தையல்மேல் வேண்டாம். தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், இரண்டு மூன்று தலையணை தேவைப்படும். குனிந்தால் ரத்தம் முகத்துக்கு இறங்கும், அதனால் மார்கழியே ஆனாலும் கோலத்தை வேறு யாராவது போடட்டும். தண்ணீர்க் குடமும் தூக்கக் கூடாது. மூக்குச் செய்தவர் மூக்கைச் சிந்தாமல், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

பத்தியம் இன்னொரு தொல்லை. மீன் ஆகாது, முட்டை சீழ் பிடிக்கும் என்று வெறும் ரசஞ்சோறாகப் போடுகிறார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். மீனும் முட்டையும் பருப்பும் மென்று கஷ்டப்படாத பதத்தில் தாராளமாகச் சாப்பிடலாம். உப்பைக் கொஞ்சம் குறைத்தால் அதைப்புக்கு நல்லது. சர்க்கரை உள்ளவர்கள், பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் அல்வாவை அவர்களுக்கே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியே ஒரு வார்த்தை. மூன்றாம் நாள் முகம் அதைத்து, கண் ஊதி, நமக்கே அடையாளம் தெரியாத நேரத்தில் சித்தி வந்து உட்கார்ந்து, "முன்னயே நல்லாத்தானட்டி இருந்துச்சி, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்பாள். அன்றைக்கு அழாதவர்கள் குறைவு. முதல் இரண்டு வாரம் மனசு இப்படித் தொய்வது சாதாரணம். கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்பு எழுத அது நேரமில்லை. கதவைச் சாத்திக்கொள்வது மரியாதைக்குறைவும் இல்லை. மூக்கு பிடிக்கவில்லை, திரும்பச் செய்ய வேண்டும் என்று தோன்றினாலும் வழக்கமாக ஒரு வருஷம் கழித்துத்தான் அந்தப் பேச்சு.

நம் வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுத்துப் போகும், பிறகு மாறுவது பெரும்பாடு. தையல் ஆறியதும் வெயில் தடுப்புக் களிம்பு, அதோடு குடை, சில மாதத்துக்கு. குற்றால சீசனில் அருவி கூப்பிட்டாலும், மூக்கெலும்பைத் தொட்டிருந்தால் அந்த ஆண்டு ஐந்தருவியை ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான். அவ்வளவு வேகத்தில் விழும் தண்ணீரைக் கூடுகிற எலும்பு தாங்காது.

மதுரையிலோ சென்னையிலோ செய்துகொண்டு மறுநாளே ரயிலேறி வந்துவிடுகிறவர்கள் உண்டு. கட்டுப் பிரிக்கிற வரை அங்கேயே சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்குவது நல்லது. தோலை இழுத்துத் தைத்தவர்களுக்கு உள்ளே ரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான். கிளம்புமுன், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று எண்ணை வாங்கி வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைத்துக் கல்லாக வலித்தால், காய்ச்சல் ஏறினால், மூச்சு முட்டினால், உடனே பேச வேண்டும். கண்ணிமை செய்தவருக்குக் கண் வலித்துப் பார்வை மங்கினால் போன் எடுக்கிறார்களா என்று காத்திருக்கக் கூடாது. விடியட்டும் என்று சொல்லாமல் அந்த நேரமே வண்டி பிடித்து, ஊர் திரும்பியிருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.