கைவிட்ட கடல்நீர் மீன்தொட்டியை மீட்க

மாதக்கணக்கில் கவனிக்காத கடல்நீர் தொட்டியைப் பார்த்ததும், எல்லாத் தண்ணீரையும் கொட்டிக் கழுவத்தான் கை பரபரக்கும். உள்ளே மீன் உயிரோடு இருந்தால் அது மட்டும் வேண்டாம். கெட்ட தண்ணீருக்கே பழகிப்போன மீனுக்கு, திடீரென வரும் நல்ல தண்ணீரும் அதிர்ச்சிதான்.

முதலில் உப்பின் அளவைப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. மட்டம் இறங்கிய தொட்டியில் உப்பு ஏறித்தான் இருக்கும். அந்தக் குறையை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால், சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.025 அருகே வந்தால் சரி. அப்புறம், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியா, நைட்ரேட் சோதனை. அம்மோனியா தெரிந்தால் அன்றே கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். நைட்ரேட் மட்டும் அதிகம் என்றால் வாரம் 10 முதல் 15 சதவீதம் மாற்றினால் போதும். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும்.

மணலை ஆழமாகக் கிளறாதீர்கள். அடியில் கறுத்துக் கிடக்கும் பகுதியிலிருந்து அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பலாம். மீனுக்கு அது விஷம். மேல்பரப்பு அழுக்கை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

கல்லில் படிந்த பாசியை, தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து, பழைய டூத் பிரஷால் தேய்க்கலாம். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் செத்துப்போகும். மோட்டாரில் இறுகிய வெள்ளைப் படிவுக்கு வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசி மாட்டுங்கள். தொட்டி சீராகும் வரை தீவனத்தையும் குறைத்தே போடுங்கள்.