கையடக்க ஜிபிஎஸ்ஸில் கிணற்றைச் சரியாகக் குறிப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் தூர்ந்துபோகும் பழைய கிணறுகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று கிளம்பினேன். கையில் கார்மின் ஈட்ரெக்ஸ் 10 என்ற கையடக்க ஜிபிஎஸ். வெட்டவெளியில் இந்த வகைக் கருவிகள் 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மரத்தடியில் இன்னும் மோசம்.

முதலில், ஆன் செய்தவுடன் குறிக்காதீர்கள். நெடுநாள் சும்மா கிடந்த கருவி சாட்டிலைட் அட்டவணை முழுவதையும் இறக்க 12.5 நிமிடம் பிடிக்கும். வானம் தெரியும் இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். ஈட்ரெக்ஸைப் படுக்கை வாட்டில், முகம் வானைப் பார்க்கப் பிடியுங்கள். கார்மினின் இன்னொரு கருவியான ஜிபிஎஸ்மேப் 64 என்றால் செங்குத்தாக.

அடுத்ததுதான் என்னைக் கவிழ்த்த இடம். திரையில் அட்சரேகை 8° 43.650' என்று இருந்தது. நான் கணினியில் 8.43650 என்று அடித்தேன். தீர்க்கரேகையையும் அப்படியே. கிணறுகள் எல்லாம் 40 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, மலைக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. இரண்டு நாள் கருவியைச் சந்தேகப்பட்டேன். 43.650 என்பது மினிட், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அதை 60ஆல் வகுத்தால் 0.7275; ஆக, சரியான எண் 8.7275. செட்டிங்ஸில் பொசிஷன் ஃபார்மேட்டை டெசிமல் டிகிரிக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலியே வராது. ஐந்து தசம இடம் போதும். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய 1.1 மீட்டர்.

பிறகு வேபாயிண்ட் ஆவரேஜிங், அதாவது ஒரே புள்ளியைப் பலமுறை அளந்து சராசரி எடுப்பது. ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்பதைவிட, ஒன்றரை மணி நேர இடைவெளியில் நாலைந்து முறை வந்து ரீடிங் எடுப்பது நல்லது. அதற்குள் சாட்டிலைட்டுகள் இடம் மாறியிருக்கும். கிணற்றைச் சுற்றி ஆலோ வேம்போ அடர்ந்திருந்தால் அதன் அடியில் நிற்காதீர்கள். வெளியே வந்து குறித்து, கிணறு எந்தத் திசையில் எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து நோட்டில் எழுதுங்கள். எனக்கு இதில்தான் நம்பிக்கை.

பகலிலேயே வேலையை முடித்துவிடுங்கள். பூமியின் காந்தவியல் நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால், பொழுது சாய்ந்த பிறகு அயனமண்டலத்தில் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு) ஏற்படும் கலக்கத்தால் சிக்னல் தடுமாறும்.

பிற்சேர்க்கை: பழைய டோப்போ ஷீட்டில் (சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடம்) வைத்துப் பார்த்தால் புள்ளி விலகுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்த ஷீட்டுகள் எவரெஸ்ட் டேட்டத்தில் வரைந்தவை; டேட்டம் என்பது அட்சரேகை, தீர்க்கரேகையை அளக்க அடிப்படையாக வைக்கும் பூமி மாதிரி. கருவி காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு டேட்டம். இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த ஓப்பன் சீரிஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள், அது டபிள்யூஜிஎஸ் 84இலேயே இருக்கிறது.