எம்ஜிபி எஞ்சினுக்கு பேரிங் வாங்கும் முன்

பேரிங் அடிவாங்கிய பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) எஞ்சினைப் பிரித்ததும் புது செட்டை ஆர்டர் செய்துவிடாதீர்கள். முதலில் எஞ்சின் எண்ணைப் பாருங்கள். 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் மூன்று மெயின் பேரிங் (கிராங்க் என்ற சுழல் தண்டைத் தாங்குபவை). 1964 கடைசியில் வந்த 18ஜிபி முதல் ஐந்து. எல்லாமே 1798 சிசிதான், ஆனால் பேரிங் செட் வேறு. காரின் வருடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்; இடையில் யாராவது எஞ்சினையே மாற்றியிருக்கலாம்.

அப்புறம், கழற்றிய பேரிங்கின் முதுகைத் துடைத்துப் பாருங்கள். 010, 020 என்று பொறித்திருந்தால் கிராங்கை ஏற்கெனவே 0.010 அல்லது 0.020 அங்குலம் கிரைண்டிங் செய்து மெலிதாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது மறுபடி கிரைண்டிங் செய்தால் அடுத்த அளவுக்குத்தான் போக முடியும்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து எந்த அளவு வரும் என்று சொன்னதும், அந்த அளவில் மெயின், பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங்) இரண்டும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பேரிங் கைக்கு வந்த பிறகே கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

நடு மெயினில் உட்கார்ந்து, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்களையும் கூடவே வாங்குங்கள். ஆயில் கூலர் இருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. எவ்வளவு கழுவினாலும் உள்ளே சிக்கிய உலோகத் துகள் முழுதாக வராது. அது புது பேரிங்கையும் கீறிவிடும்.