ஆடாத லோயர்

டெக்சாஸில் என் முதல் ஏ.ஆர்-15 துப்பாக்கியைப் பாகம் பாகமாகச் சேர்க்கத் தொடங்கியபோது, எந்தக் குழலை வாங்குவது என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டேன். விசையும் கைப்பிடியும் பொருந்தும் கீழ்ப்பாகமான லோயர் ரிசீவரை விலையை மட்டும் பார்த்து எடுத்துவிட்டேன். அமெரிக்கச் சட்டப்படி அந்த வெற்றுக்கூடுதான் ‘துப்பாக்கி’. தொடர் எண் அதில்தான் இருக்கும். உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கையில் கொடுத்தார்கள்.

வீட்டில் மேல்பாகமான அப்பரை லோயரில் பொருத்தினால் கடகடவென்று ஆடியது. குறி தவறுவதற்கு அந்த ஆட்டம் காரணமாகாது. குழலும் குறிநோக்கியும் அப்பரிலேயே இருக்கின்றன. ஆனாலும் சத்தம் எரிச்சலூட்டியது. அப்பரின் பின்புறத்தில் காதுபோல் நீண்டிருக்கும் பகுதிக்கடியில் சிறு ரப்பர் துண்டை வைத்தேன், அடங்கியது.

தோட்டாக்கள் தீர்ந்ததும் போல்ட்டைப் பின்னால் பிடித்துவைக்கும் போல்ட் கேட்ச்சின் ஊசியை லோயரில் அடிக்கும்போது சுத்தியல் சறுக்கி, கறுப்புப் பூச்சில் வெள்ளைக் கோடு விழுந்தது. பெயிண்டர்கள் ஒட்டும் காகித நாடாவை முன்பே ஒட்டியிருக்கலாம்!

இரண்டாவது முறை 7075-டி6 என்ற உறுதியான அலுமினியக் கலவையில், ஆட்டத்தை இறுக்கும் திருகும் மரையிட்ட போல்ட் கேட்ச் ஊசியும் உள்ள லோயராகப் பார்த்து வாங்கினேன். சுத்தியலுக்கு அங்கே வேலையே இல்லை. கைப்பிடியை மாட்டும் முன் அந்தத் திருகைக் கால் சுற்று திருப்பினேன், அவ்வளவுதான்.