இடம் மாறிக்கொண்டே நர்சிங் ப்ரீரெக் முடிப்பது எப்படி: அமெரிக்க ராணுவக் குடும்பத்துப் பெண்களுக்கு

வெளிநாட்டவரை ராணுவத்தில் சேர்த்துக்கொள்ள 2009-இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதிய ஆள்சேர்ப்பு நிற்கும்வரை நம் ஊர்ப் பையன்கள் சிலர் அந்த வழியாகச் சேர்ந்தார்கள். என் கணவரும் அப்படித்தான். அவரோடு வந்த நாளிலிருந்து நான் பார்ப்பது இதுதான்: ஓர் ஊரில் கால் ஊன்றுவதற்குள் பி.சி.எஸ். (இடமாற்ற) ஆர்டர் வந்துவிடும். எந்த ஊருக்குப் போனாலும் வேலை கிடைக்கும் என்பதால் நம்மில் பலர் நர்சிங்கைப் பார்க்கிறோம். ஆனால் நர்சிங் பள்ளியில் இடம் கேட்பதற்கு முன்பே ப்ரீரெக் எனப்படும் முன்பாடங்களை முடித்திருக்க வேண்டும். நடுவில் ஊர் மாறினாலும் படித்தது வீணாகாதபடி அவற்றை எப்படி அடுக்குவது என்று எழுதுகிறேன். டீர்ஸில் (ராணுவக் குடும்பங்களின் பதிவேடு) பெயர், ஐடி கார்டு, கிரீன் கார்டு எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. பட்டியலைப் பின்னாலிருந்து போடுங்கள்

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே ப்ரீரெக் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு நர்சிங் பள்ளிக்கும் தனிப் பட்டியல். அதனால் முதலில் பாடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். இப்போது இருக்கும் ஊரில் ஒன்று, அடுத்து போகக்கூடிய ஊர்களில் இரண்டு மூன்று. ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளம் என்றால் சென்ட்ரல் டெக்சஸ் காலேஜ், ஃபோர்ட் பிராக் என்றால் ஃபெயட்வில் டெக், வாஷிங்டன் மாநிலத்து லூயிஸ்-மெக்கார்ட் என்றால் டகோமா பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ்கள், இப்படி.

கூகுள் ஷீட்ஸில் ஒரு பக்கம் திறந்து ஒவ்வொரு பள்ளிக்கும் இவற்றைக் குறியுங்கள்: என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட், லேப் உண்டா, ஆன்லைன் லேபை ஏற்பார்களா, குறைந்தபட்ச கிரேடு என்ன, அறிவியல் பாடம் எத்தனை வருடத்துக்குள் முடித்ததாக இருக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்து அல்லது ஏழு வருடம் என்று வரம்பு வைக்கும் பள்ளிகள் உண்டு.

அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி (சுருக்கமாக ஏ அண்ட் பி) இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி, இங்கிலீஷ் காம்போசிஷன், சைக்காலஜி, புள்ளியியல் ஆகியவை பெரும்பாலான பட்டியல்களில் வரும். கெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன், மனித வளர்ச்சி உளவியல் ஆகியவற்றைச் சில பள்ளிகள் கேட்கும். லேப் இல்லாத பாடங்களை ஆன்லைனிலேயே முதலில் முடியுங்கள். பாதிப் பாடத்தில் வீடு மாறினாலும் அவை கூடவே வரும். லேப் பாடங்களைத்தான் ஓர் ஊரில் நிலையாக இருக்கும் காலத்துக்கு ஒதுக்க வேண்டும்.

2. ஊரில் வாங்கிய டிகிரி

பி.எஸ்சி., பி.இ. முடித்துவிட்டு வந்தவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். வெளிநாட்டு டிகிரிகளை மதிப்பிடும் நேசஸ் கூட்டமைப்பில், டபிள்யூ.இ.எஸ். போன்ற ஓர் உறுப்பு நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்குங்கள். புள்ளியியல், சைக்காலஜி போன்றவற்றுக்கு விலக்கு கிடைக்கலாம். அறிவியல் பாடங்களை மட்டும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும் என்று தயாராக இருங்கள்.

இதில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். மார்க்‌ஷீட்டில் எஸ். கவிதா என்று இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், கிரீன் கார்டில் கணவர் பெயர். விண்ணப்பிக்கும்போதே திருமணச் சான்றிதழையும் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ட்ரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்ப வேண்டும். அங்கே ஊரில் அலைய ஓர் ஆள் தேவை, தம்பி தங்கை யாரிடமாவது இப்போதே சொல்லி வையுங்கள்.

3. பணம்

ராணுவத்தினரின் துணைவருக்கான, மைகா என்று நாம் சொல்லும் உதவித்தொகை மொத்தம் 4,000 டாலர் வரை தரும், வருடத்துக்கு 2,000. கணவரின் ரேங்க் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்கியாக வேண்டும். நாமே கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்க முடியாது.

மைகாவில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது லைசன்ஸ், சான்றிதழ், அசோசியேட் டிகிரி ஆகியவற்றுக்குப் பணம் தரும். ஜெனரல் ஸ்டடீஸ் டிகிரிக்குத் தராது. நர்சிங்கில் இன்னும் இடம் கிடைக்காதவர்களைக் கல்லூரிகள் பெரும்பாலும் ஜெனரல் ஸ்டடீஸ் மாணவராகத்தான் பதிகின்றன. உங்கள் கோப்பில் என்ன மேஜர் எழுதப்போகிறார்கள் என்று ஆலோசகரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் சி.என்.ஏ. (நர்சிங் உதவியாளர்) சான்றிதழுக்கு மைகாவைப் பயன்படுத்தலாம். அது பல நர்சிங் விண்ணப்பங்களில் கைகொடுக்கும்.

ஃபாஃப்சா (அரசு நிதியுதவிக்கான விண்ணப்பம்) கட்டாயம் நிரப்புங்கள். கிரீன் கார்டு இருந்தாலே பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணவருக்குப் போஸ்டிங் கிடைத்த மாநிலத்தின் அரசுக் கல்லூரியில் நமக்கு உள்ளூர்க் கட்டணம்தான். தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தால் அவருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றலான பிறகும் அதே கட்டணம் நீடிக்கும். ஆன்லைனில் பழைய கல்லூரியிலேயே தொடர நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஜி.ஐ. பில் என்ற ராணுவத்தினருக்கான படிப்புச் சலுகையைக் கணவர் ஆறு வருட சேவைக்குப் பிறகு, மேலும் நான்கு வருடம் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, நமக்கு மாற்றித் தரலாம். ஆனால் கம்யூனிட்டி காலேஜ் ப்ரீரெக்குக்கு அதைச் செலவழிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அது 36 மாதக் கணக்கு. மலிவான பாடத்துக்குக் கரைத்துவிட்டால் பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) படிக்கும்போது இருக்காது.

4. ஏ அண்ட் பி: இங்கே நின்று நிதானியுங்கள்

முதல் பாகத்தை ஒரு மாநிலத்தில் நல்ல கிரேடோடு முடித்திருந்தேன். ஊர் மாறி, புதுக் கல்லூரியில் இரண்டாம் பாகத்துக்குப் போனால், முதல் பாகத்திலிருந்து மறுபடி படி என்றார்கள். பழைய கல்லூரியின் அங்கீகாரத்தில் குறை இல்லை. பாடத்தைப் பிரித்த விதம்தான் வேறு.

செல், திசு, தோல், எலும்பு, தசை, நரம்பு முதல் பாகம். ரத்தம், இதயம், நுரையீரல், செரிமானம், சிறுநீரகம், இனப்பெருக்கம் இரண்டாம் பாகம். இதுவரை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நாளமில்லாச் சுரப்பிகளும் புலன் உறுப்புகளும்தான் ஒரு கல்லூரியில் முதல் பாகத்திலும் இன்னொன்றில் இரண்டாம் பாகத்திலும் இருக்கும். என் பழைய கல்லூரியில் சுரப்பிகள் இரண்டாவதில், புதியதில் முதலாவதில். நேராக இரண்டாவதில் சேர்ந்திருந்தால் சுரப்பிகளை நான் எங்குமே படித்திருக்க மாட்டேன். கலிஃபோர்னியாவில் இன்னும் வித்தியாசம். அங்கே பல கல்லூரிகளில் அனாட்டமி தனிப் பாடம், ஃபிசியாலஜி தனிப் பாடம்.

எனவே இரண்டு பாகத்தையும் ஒரே கல்லூரியில், ஒரே போஸ்டிங்கில் முடியுங்கள். ராணுவத் தளத்தை ஒட்டிய கல்லூரிகள் சிலவற்றில் எட்டு வார வகுப்புகள் உண்டு. அடுத்தடுத்து எடுத்தால் பதினாறு வாரத்தில் இரண்டும் முடியும். கடினம்தான். கூட வேறு எந்தப் பாடமும் வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் வரை இடமாற்றங்கள் குவியும் என்பதால் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குவது நல்லது.

முடியாமல் நடுவில் ஊர் மாறினால், சேரும் முன்பே புதுக் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அட்மிஷன் அலுவலகத்துக்கு மட்டும் இல்லை, நர்சிங் துறைக்கே. "ட்ரான்ஸ்ஃபர் ஆகுமா?" என்று மட்டும் கேட்டால் ஆகும் என்று பதில் வரும். வெறும் கிரெடிட்டாக ஏற்பது வேறு, நர்சிங் ப்ரீரெக்காக ஏற்பது வேறு. "இந்தப் பாடம் உங்கள் நர்சிங் ப்ரீரெக்காகக் கணக்கில் வருமா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். டெக்சஸில் பயோல் 2401, 2402. வட கரோலினாவில் பயோ 168, 169. இந்தப் பாட எண்ணையும் குறிப்பிடுங்கள்.

கூடவே சிலபஸை இணையுங்கள். வாரவாரித் தலைப்புகள், லேப் நேரம், பாடநூல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வகுப்பு தொடங்கும் நாளே பி.டி.எஃப். எடுத்து உங்கள் சொந்த டிரைவில் போட்டுவிடுங்கள். வகுப்பு முடிந்த பிறகு கல்லூரியின் தளத்துக்குள் நுழைய முடியாமல் போகலாம். எந்தப் பாடத்தை எந்தக் கல்லூரி ஏற்கும் என்று தேடும் டிரான்ஸ்ஃபராலஜி தளமும் இலவசம்தான், ஆனால் அதில் எல்லாக் கல்லூரியும் இல்லை. முதல் தேடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்க ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசப் புத்தகம் போதும். மனப்பாடத்துக்கு ஆன்கி என்ற ஃபிளாஷ்கார்டு செயலிதான், வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி கேட்கும், நெட் இல்லாத காரிலும் வேலை செய்யும்.

5. நடுவில் ஆர்டர் வந்தால்

ஆர்டர் நகலோடு அன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள். முதலில் தொலைவிலிருந்து முடிக்க வழி கேளுங்கள், இல்லையென்றால் இன்கம்ப்ளீட் (பிறகு முடிக்கத் தவணை), அதுவும் இல்லையென்றால் கடைசித் தேதிக்குள் டபிள்யூ (பாடத்திலிருந்து விலகல்). சொல்லாமல் நின்றுவிட்டால் எஃப் விழும், அது எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும்.

நர்சிங் பள்ளி நுழைவுத் தேர்வான டீஸை ஏ அண்ட் பி முடிந்த சூட்டோடு எழுதிவிடுங்கள், அறிவியல் பகுதியில் வரும் ஏ அண்ட் பி கேள்விகளுக்குத் தனியாகத் தயாராக வேண்டியதில்லை. உங்கள் பள்ளி டீஸ் கேட்கிறதா, அதற்குப் பதில் ஹெசி என்ற தேர்வைக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: தடுப்பூசி பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். கிளினிக்கல் (மருத்துவமனைப் பயிற்சி) தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை உண்டு. நமக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டிருப்பார்கள். அதனால் தோலில் செய்யும் பரிசோதனை தவறாக பாசிட்டிவ் காட்டலாம், பிறகு எக்ஸ்ரே வரை இழுக்கும். ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள், அதை பி.சி.ஜி. பாதிக்காது. ஹெபடைட்டிஸ் பி வழக்கமான மூன்று ஊசிக்கு ஆறு மாதம் ஆகும். ப்ரீரெக் படிக்கும்போதே தொடங்கி, ஒவ்வொரு ஊசிக்கும் சீட்டு வாங்கி அதே டிரைவ் ஃபோல்டரில் போடுங்கள்.