கேம்பரை இழுக்கும்போது டீசல் எங்கே போகிறது: பிக்அப் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து பிக்அப்பின் பின்னால் கேம்பரை, அதாவது தங்கும் வசதியுள்ள இழுவைப் பெட்டி வண்டியை, கோத்துக்கொண்டு கன்னியாகுமரிக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படும் புதியவர்கள் என்னிடம் யோசனை கேட்க வரும்போது, பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "வண்டி தனியா லிட்டருக்கு 12 கி.மீ. குடுக்குது, கேம்பரோட எவ்வளவு குடுக்கும்?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு ஒற்றை எண்ணைப் பதிலாக எதிர்பார்க்கும் இடத்திலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், ஆயிலை மாற்றுங்கள் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை நான் இங்கே எழுதவில்லை.

எடையை மட்டும் கணக்குப் பார்ப்பது

மெத்தையை இறக்கி வைக்கிறார்கள், கேஸ் சிலிண்டரைச் சின்னதாக மாற்றுகிறார்கள், தண்ணீர்த் தொட்டியைக் காலியாக ஓட்டுகிறார்கள். சமதரையில் இதனால் மிச்சமாகும் டீசல் மிகக் குறைவு. நல்ல சாலையில் உருளும் டயர், தன்மேல் இருக்கும் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. 100 கிலோவை இறக்கினால் இழுவையில் குறைவது சுமார் 1 கிலோ. காற்றின் கதை வேறு. 2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள கேம்பரின் முகப்பு 5 சதுர மீட்டர், பிக்அப்பின் முகப்போ 3 சதுர மீட்டர்கூட வராது. அந்தப் பெட்டியை மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் இழுக்கும்போது, காற்று மட்டுமே எண்பது, நூறு கிலோ அளவுக்கு எதிர்த்து நிற்கும். எடையைக் குறைப்பது பிரேக்குக்கும் டயருக்கும் நல்லது, செய்யுங்கள். அதனால் மைலேஜ் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

தனி வண்டியின் வேகத்தையும் தனி வண்டியின் கணக்கையும் அப்படியே வைத்துக்கொள்வது

எத்தனை பேரிடம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவதும் இந்த ஒரு தவறுதான்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, எதிர்ப்போ 56 சதவீதம் கூடிவிடுகிறது. அதைத் தள்ள இன்ஜின் தரவேண்டிய சக்தி ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் 160 கி.மீ. அந்தத் தூரத்தை 80-இல் போனால் 2 மணி நேரம், 100-இல் போனால் 1 மணி 36 நிமிடம். ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் கரைந்துபோகும் 24 நிமிடத்துக்காக டாங்கை வற்றவைக்கிறார்கள்.

இதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். மணிக்கு 20 கி.மீ. எதிர்காற்றில் 80-இல் ஓட்டும் கேம்பர், காற்றைப் பொறுத்தவரை 100-இல் ஓடுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஊரில் பிறந்தவர்களே, ஆடி மாதத்தில் தெற்கே போகும்போது காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்பும் வண்டி அந்தக் காற்றை நேராக முகத்தில் வாங்கித்தான் போகவேண்டும்.

திருமங்கலத்துக்காரர் ஒருவர் அப்படித்தான் ஒரு ஆடி மாதத்தில் குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குப் புறப்பட்டார். அந்த வாரம் முழுவதும் வண்டியைத் தனியாக ஓட்டியிருந்தார். காலையில் கேம்பரைக் கோத்தபோது, மீதி டீசலில் 400 கி.மீ.க்கு மேல் ஓடலாம் என்று மீட்டர் காட்டியிருக்கிறது. போகவேண்டிய தூரம் 250 கி.மீ.கூட இல்லை. அந்த எண், வண்டி அதுவரை குடித்த டீசலை வைத்து அது போடும் கணக்கு என்பதும், பின்னால் கேம்பர் ஏறியது அதற்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. சாத்தூர் தாண்டும்போதே எண் வேகமாக இறங்கியிருக்கிறது. திருநெல்வேலி பைபாஸில் பங்க்குகளைக் கடந்தபோது, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று 95-இலேயே ஓட்டியிருக்கிறார். வள்ளியூர் தாண்டி வண்டி நின்றது. "அண்ணே, கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் அறுபது காட்டுச்சுண்ணே" என்று போனில் சொன்னார்.

டீசல் வண்டி வற்றி நின்றால் கேனில் வாங்கி ஊற்றியதும் கிளம்பிவிடாது. குழாயில் காற்று ஏறியிருக்கும். ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்பை, மெத்தென்று அமுங்குவது போய் உள்ளங்கையை எதிர்த்துக் கெட்டியாக நிற்கும் வரை அழுத்தி, அந்தக் காற்றை வெளியேற்றவேண்டும். டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் இன்றைய காமன் ரயில் இன்ஜின்களில் உயர் அழுத்தப் பம்புக்கு மசகே அந்த டீசல்தான். வறட்டு ஓட்டத்தில் அது தேய்ந்தால் செலவு பல ஆயிரங்களில் போகும். மீட்பு வண்டியை அழைத்தால் பிக்அப்பை ஒரு நடை, கேம்பரை ஒரு நடை என்று இரண்டு நடை இழுக்கவேண்டும். அதுவரை குழந்தைகள் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் வெயிலில் நிற்கவேண்டும். இது நேர்ந்த ஒவ்வொரு வீட்டிலும், வழியில் பத்து நிமிடம் ஒதுக்கி டீசல் போட்டிருக்கலாம் என்பதை நினைக்கும்போதுதான் எனக்குப் பொறுக்கமாட்டாமல் வருகிறது.

கணக்கை இப்படிப் போடுங்கள். 80 லிட்டர் டாங்க், தனியாக 12 கொடுக்கும் வண்டி என்றால் 960 கி.மீ. என்பது கேம்பரைக் கோத்த நிமிடத்தோடு செல்லாது. உயரமான கேம்பரோடு மைலேஜ் பாதியாகும் என்றே வைத்துக்கொண்டு, 15 லிட்டரைத் தொடாமல் ஒதுக்கினால் 390 கி.மீ. வரும். எதிர்காற்றுக் காலத்தில் லிட்டருக்கு 5 என்று கொண்டால் 325 கி.மீ. தான். திரும்பும்போது பின்காற்று ஈடுகட்டிவிடும் என்றும் நம்பவேண்டாம். வர்க்கக் கணக்கில், 20 கி.மீ. எதிர்காற்று ஏற்றும் செலவை அதே அளவு பின்காற்றால் முழுதாகக் குறைக்க முடியாது. மேலும், பின்காற்று வருவதற்குள் வண்டி போகும் வழியிலேயே நின்றிருக்கும்.

காற்றைப் பார்க்கக் கருவி வேண்டியதில்லை. நடுத்தடுப்பில் நிற்கும் அரளிச் செடிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். கயத்தாறுக்குத் தெற்கே காற்றாலைகளே சொல்லிவிடும்: இறக்கைகள் காற்று வரும் திசையைப் பார்த்து நிற்பதால், உங்களுக்குக் காற்றாலையின் முதுகு தெரிந்தால் எதிர்காற்று, முகம் தெரிந்தால் பின்காற்று. முதுகு தெரியும்போது 70-க்கு இறங்கிவிடுங்கள்.

டாப் கியரிலேயே பிடிவாதமாக இழுப்பது

ஆக்ஸிலரேட்டரை முக்கால்வாசிக்கு மேல் மிதித்தும் வேகம் இறங்கினால் ஒரு கியர் குறையுங்கள்.

மலையைக் கிலோமீட்டரில் அளப்பது

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குத் தூரம் குறைவு என்று பாதி டாங்கோடு ஏறத் தொடங்குகிறார்கள். அந்த வழியில் வண்டி சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏறுகிறது. பிக்அப்பும் கேம்பரும் சேர்ந்து 4 டன் என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஆறு, ஏழு லிட்டர் டீசல் வேண்டும். ஓடும் செலவு தனி. இங்கே வேகம் குறைவு என்பதால் காற்று ஒரு பொருட்டில்லை, எடைதான் பேசும். அங்கும்கூட 100 லிட்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனால் மிச்சமாவது கால் லிட்டருக்கும் குறைவு. ஆனால் இறங்கும்போது பிரேக்குக்கு அந்த 100 கிலோ பெரிய வித்தியாசம். இறக்கத்தில் கியரில் விட்டு வந்தால் டீசல் ஏறக்குறைய செலவாகாது என்பது உண்மைதான். ஏறும்போது எரித்ததை அது திருப்பித் தந்துவிடாது. டாங்கை வத்தலக்குண்டிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

டயர் காற்று

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கேம்பரின் டயர்களையும் பாருங்கள்.

பங்க் எந்தப் பக்கம் என்று பாராமல் புறப்படுவது

நடுத்தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் இருக்கும் பங்க் உங்களுக்கு இல்லாத பங்க். யூ-டர்ன் எடுத்து அதற்குப் போக நினைத்தால் கேம்பரின் நீளம் இரண்டு வரிசையையும் அடைத்துவிடும். ஊருக்குள் இருக்கும் பங்க்குகளில் நுழைந்தால் வெளியே வர ரிவர்ஸ் எடுக்கவேண்டியிருக்கும். பின்னால் பைக்குகள் வரிசையில் நிற்கும்போது, கேம்பர் மாட்டிய வண்டியை அனுபவமுள்ளவராலும் அங்கே திருப்ப முடியாது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறக்கூடிய, லாரிகள் நிற்கும் பெரிய பங்க்குகளை மட்டுமே கணக்கில் வையுங்கள். கூரை உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். போகிற பக்கத்தில் அப்படிப்பட்ட பங்க் ஒன்று வரும்போது டாங்க் பாதி இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். முதல் நிரப்பை, முந்தைய நாள் மாலையில் கேம்பர் இல்லாமல் வண்டியைத் தனியாகக் கொண்டுபோய் முடித்துவிடுங்கள். காலையில் கேம்பரைக் கோத்ததும் டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அடுத்த பங்க்கில் மறுபடி ஃபுல் செய்யும்போது, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். உங்கள் வண்டியின் அன்றைய மைலேஜ் அதுதான், மிச்ச வழிக்கு அந்த எண்ணை வைத்தே தூரத்தைத் திட்டமிடுங்கள்.